பெரிய பிள்ளைகளுக்குப் படப்புத்தகமா?

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் பாடசாலைகளிலிருந்து எனக்கு அழைப்பு வரும். தேசிய வாசிப்பு மாதம் அல்லவா? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன் என்ற தகுதியில், 'வாசிப்பின் பயன்' பற்றி மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி கேட்பார்கள். நானும் போவேன். மாலை விழும், சோடா வரும். ஒலிவாங்கியின் முன் நின்று அரைமணி நேரம் பேசுவேன். முன்வரிசைப் பிள்ளைகள் பணிவோடு கேட்பார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் கூரையில் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அணிலைப் பார்த்த அந்தப் பிள்ளைகளைப் பற்றியே இன்று எழுத நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வடமராட்சியில் ஒரு சிறிய பாடசாலையிலிருந்து இத்தகைய அழைப்பு வந்தது. அங்கே தமிழ் கற்பிக்கும் ஆசிரியை என் பழைய நண்பர் ஒருவரின் மகள். "மாமா, இந்த முறை பேச்சு வேண்டாம். என்ரை எட்டாம் ஆண்டுப் பிள்ளையளோடை ஒரு பாடம் இருந்து பாருங்கோ" என்றார். காரணம் கேட்டேன். முப்பது பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்குப் பாடநூலின் ஒரு பந்தியைத் தடக்கமின்றி வாசிக்க இயலவில்லை என்றார். எழுத்துத் தெரியும், எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கவும் தெரியும், வரியின் முடிவுக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்துவிடுகிறது. இவர்களுக்கு வாசிப்பின் பயனைப் பற்றி நான் என்ன பேசுவது?

படங்கள் உள்ள புத்தகம் கொடுத்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. யாழ்ப்பாண நகரில் ஒரு புத்தகக்கடையில் மெல்லிய படக்கதைப் புத்தகங்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டு போனேன். பெரிய எழுத்து, முயல், ஆமை, பக்கத்துக்கு ஒரு வரி. பின்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளையிடம் ஒன்றை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள், மூடினாள், மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். "இது நேசறிப் புத்தகம், ஐயா" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, அவமானம் இருந்தது. வாசிக்கத் தெரியாதவள் என்பதை வகுப்பின் முன் நான் பறையறைந்து சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுப் பிள்ளையின் புத்தகத்தைக் கொடுப்பது உதவி ஆகாது.

இரண்டாம் முறை போனபோது வேறொரு புத்தகம் கொண்டுபோனேன். அவுஸ்திரேலிய ஓவியர் ஷோன் டான் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி அரைவல்' என்னும் நூல் அது. வந்து சேர்தல் என்று தமிழில் சொல்லலாம். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகள் தந்தது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தப் புத்தகத்தின் கதையில் ஒரு சொல்கூட இல்லை. பழைய புகைப்படங்களைப் போல மங்கிய நிறத்தில் வரைந்த பென்சிற் சித்திரங்கள் மாத்திரம். ஒருவன் மனைவியையும் மகளையும் விட்டுப் பெட்டியோடு புறப்படுகிறான். ஊரின் மேல் பெரிய வால்களின் நிழல் விழுந்து கிடக்கிறது. கடல் கடந்து ஒரு நகரத்தை அடைகிறான். அந்த நகரத்தின் எழுத்து அவனுக்குத் தெரியாது, உணவு தெரியாது, விலங்குகள் தெரியாது. வாசகருக்கும் தெரியாது, ஏனெனில் அந்த எழுத்தை ஓவியரே கற்பனையில் உருவாக்கியிருக்கிறார். எழுத்தறியாதவனின் தவிப்பை எழுத்தறிந்தவனும் அனுபவிக்கும்படி அமைந்த புத்தகம் அது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாது?

ஒரே ஒரு பிரதிதான். பிள்ளைகளை நிலத்தில் நெருக்கி அமரச் செய்து, ஆசிரியை பக்கங்களை மெல்லப் புரட்டினார். பயணப்பெட்டி மூடியிருக்கிறது, கணவனின் கையும் மனைவியின் கையும் அதன்மேல் இருக்கின்றன. அந்தப் படத்தில் நிறுத்தினார்.

"என்ன நடக்குது?"

"வெளிநாடு போறார், ரீச்சர்" என்று பல குரல்கள்.

"அவருக்குப் போக விருப்பமில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குச் சொந்தக்காரனை ஆசிரியையே வியப்போடு திரும்பிப் பார்த்தார்.

"எப்பிடிச் சொல்லுறாய்?"

"பெட்டி பூட்டியாச்சு. ரெண்டு பேரும் கையை எடுக்கேல்லை."

வகுப்பு அமைதியானது. அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய தந்தை வெளிநாடு போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்பதையும், தமிழ்ப் பாடத்தில் அந்த ஆண்டு அவன் தானாக வாய்திறந்தது அதுவே முதல் முறை என்பதையும் ஆசிரியை பின்னர் கூறினார்.

நான் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 'எப்பிடிச் சொல்லுறாய்?' என்ற கேள்வியையே எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு செய்தியாசிரியன் இளம் நிருபரிடம் நாள்தோறும் கேட்கும் கேள்வி அல்லவா அது? உன் கருத்துக்குச் சான்று எங்கே? அந்தப் பையன் சான்று காட்டினான். பாடநூலை வாசிக்க இயலாத பிள்ளை, வாசிப்பின் மிகக் கடினமான பகுதியைச் செய்து முடித்துவிட்டான்: சொல்லாததைக் கண்டுபிடித்தான், கண்டுபிடித்ததை நிறுவினான்.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் சிறுவர் பகுதி 1967இல் திறக்கப்பட்டபோது எனக்குப் பத்து வயது. சனிக்கிழமைகளில் அங்கே போய், மொழி புரியாத ஆங்கிலப் படப்புத்தகங்களையும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாம் வயதில், எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் என் கையில் அத்தகைய புத்தகம் ஒன்றைக் கண்டு, "வளந்த பெடியனுக்குப் படம் பாக்கிற விளையாட்டோ?" என்று பலர் முன்னிலையில் கேட்டார். அன்றோடு விட்டேன். அந்த நூலகம் 1981இல் எரிந்து முடிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏடுகளையும் அரிய நூல்களையும் எண்ணி நாம் அழுதோம்; இன்றும் அழுகிறோம். சிறுவர் பகுதியின் படப்புத்தகங்களை எண்ணி யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. நானும் அழவில்லை.

பத்திரிகையிலும் அதே மனம்தான் எனக்கு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் தாளும் மையும் கிடைக்காமல், பள்ளிக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாள்களிலும் இங்கே நாளிதழ்கள் அச்சாகின. இடம் போதாதபோது நான் முதலில் நீக்கியது படத்தை. படம் என்பது அலங்காரம், எழுத்தே செய்தி என்பது என் எண்ணமாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டு நடந்தார்கள். அந்த இரவைப் பற்றி நான் எழுதிய பத்திகள் இன்று எனக்கே சலிப்பூட்டுகின்றன. துவிச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் கட்டிய தையல் இயந்திரத்தைப் பிடித்தபடி நடந்த ஒரு கிழவியின் முகம் மாத்திரம் சலிக்காமல் நினைவில் நிற்கிறது. ஒரு படம் இருந்திருக்கலாம்.

ஆகவே, படப்புத்தகம் சின்னப்பிள்ளைகளின் பொருள் என்று எண்ணும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆயினும் அந்த எண்ணம் தவறானது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

நம் பாடசாலை ஒழுங்கைச் சற்றுப் பாருங்கள். தரம் ஐந்து வரை ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். பிள்ளை வாசிக்கிறதா, இல்லையா என்பது அவருக்குத் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சை முடிகிறது. பிள்ளை தரம் ஆறுக்குப் போகிறது. அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர். வரலாறு, புவியியல், விஞ்ஞானம், குடியியல் என்று புத்தகங்கள் தடிக்கின்றன; படங்கள் மெலிகின்றன. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை இப்போது யாருடைய பொறுப்பு? எல்லோருடைய பொறுப்பும்தான், ஆகவே ஒருவருடைய பொறுப்பும் அல்ல. பாடநூல்கள் 1980 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன; கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் சட்டத்தால் பிள்ளையை வகுப்பில் இருத்த முடியும். வாசிக்க வைக்க முடியாது. தரம் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள இந்த நான்கு ஆண்டுகளில்தான் பின்வாங்கின் பிள்ளைகளை நாம் சத்தமின்றி இழக்கிறோம். உதவ முன்வரும் நிறுவனங்களும் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகின்றன. றூம் டு றீட் போன்ற அமைப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் நல்ல படக்கதைகளை வெளியிட்டுள்ளன. அவை பெரும்பாலும் சிறிய வகுப்புகளுக்கு உரியவை.

படப்புத்தகம் எளிமையானது என்பதும் ஒரு மயக்கமே. இங்கிலாந்தின் பற் ஹச்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'றோசீஸ் வோக்' என்ற நூலில் மொத்தம் 32 சொற்கள். றோசி என்னும் கோழி பண்ணையைச் சுற்றி நடந்து இராச்சாப்பாட்டுக்குத் திரும்புகிறது என்பதே வாசகம். படத்திலோ, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நரி பின்தொடர்ந்து பாய்ந்து, ஒவ்வொரு முறையும் அடிபட்டு விழுகிறது. வாசகத்தில் நரி என்ற சொல்லே இல்லை! எழுத்து ஒன்றைச் சொல்ல, உண்மை வேறாக இருக்கிறது என்பதைச் சிறு பிள்ளை சிரித்துக்கொண்டே கண்டுகொள்ளும். அதையே எட்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்து, "எழுதியவர் நரியை ஏன் மறைத்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். குறிப்புப்பொருள், அங்கதம், சொல்பவரின் நம்பகம் என்று உயர்தரத்தில் நாம் படிப்பிக்கும் பெரிய விடயங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கும். தணிக்கைக் காலங்களில் பத்திரிகையின் வெற்றிடங்களை வாசித்துப் பழகிய சமூகம் நாம். சொல்லாமல் விட்டதை வாசிக்கும் கலையை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நமக்கு வேறு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

படத்தை வாசிப்பது நமக்குப் புதிதுமல்ல. கோயில் சித்திரத்தேரைச் சுற்றித் தாத்தாமார் பேரப்பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு சிற்பமாகக் காட்டிக் கதை சொன்னார்கள். அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று யாரும் இகழவில்லை. தாத்தாவும் சேர்ந்தே பார்த்தார். ஆறுமுக நாவலர் (1822–1879) பாலபாடங்களை ஒரே நூலாக எழுதாமல், பிள்ளையின் படிநிலைக்கேற்பத் தனித்தனி நூல்களாக எழுதினார். பிள்ளை நிற்கும் படியிலிருந்தே ஏற்றிவிட வேண்டும் என்பது நம் மண்ணின் பழைய பாடம். மேலைநாட்டிலும், கொமேனியஸ் 1658இல் வெளியிட்ட புகழ்பெற்ற படநூல், இலத்தீன் மொழியைக் கற்பிக்க எழுந்த பள்ளிக்கூடப் புத்தகமே.

எப்படிக் கற்பிப்பது? மிகுந்த பயிற்சி வேண்டியதில்லை. அமெரிக்காவில் அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன் ஆகிய இருவரும் ஓவியக்கூடங்களுக்கு வரும் மக்களை வைத்து வகுத்த முறை ஒன்று உண்டு. மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன காண்கிறாய்? ஆசிரியர் விடை சொல்லக்கூடாது. பிள்ளை சொன்னதை நல்ல தமிழில் திருப்பிச் சொன்னால் போதும். அந்தத் திருப்பிச் சொல்லலிலேயே பிள்ளைக்குப் புதிய சொற்கள் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். பேசியபின் ஐந்து வரி எழுதச் சொல்லலாம். பேசுவதற்கு ஒன்று இருந்தால் எழுதுவதற்கும் ஒன்று இருக்கும்.

தமிழ்ப் பாடத்தோடு இது நிற்க வேண்டியதுமில்லை. நம் பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்கிறார்கள். பரீட்சைக்குப் பின் மறக்கிறார்கள். சிபில் வெத்தசிங்க (1927–2020) என்ற அம்மையார் எழுதி வரைந்த 'குட ஹொரா' சிங்களச் சிறுவர் இலக்கியத்தில் தலைசிறந்தது. குடையையே கண்டிராத ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் கிரிமாமா குடை வாங்கி வருகிறார். வாங்கி வந்த குடைகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகின்றன. கள்வன் யார் என்பதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். படத்தின் துணையோடு அந்த எளிய சிங்களத்தை ஏழாம் ஆண்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கும். யப்பானில் மருக்கி தொஷி 1980இல் 'ஹிரோஷிமா நோ பிகா' என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார். அணுகுண்டு விழுந்த காலைப்பொழுதை ஏழு வயதுச் சிறுமியின் கதையாகச் சொல்வது. போரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைப்பதா, சொல்லி அஞ்சவைப்பதா என்று திகைக்கும் நமக்கு, மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை அது காட்டுகிறது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: பேச விரும்பாத பிள்ளையைப் பேசவைக்க முனையக்கூடாது. பெட்டியின் மேலிருந்த கைகளைப் பற்றிச் சொன்ன பையனிடம் அந்த ஆசிரியை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அது பெரிய பண்பு.

மறுப்புகள் உண்டு. "சோதினைக்கு இது வருமோ?" என்று ஒரு தகப்பனார் என்னிடமே கேட்டார். நேர்மையான கேள்வி. வராது, ஐயா. ஆனால் சோதினைத்தாளின் கேள்வியை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அதில் வருவது எதுவும் உதவாது. "எழுத்தைக் கைவிட்டுப் படம் பார்ப்பதா?" என்பது இன்னொரு மறுப்பு. கைவிடச் சொல்லவில்லை. நாவலரும் வேண்டும், பாரதியும் வேண்டும். அங்கே போய்ச் சேர ஒரு படலை வேண்டும் என்றே சொல்கிறேன். மதில் ஏறிக் குதிக்க எல்லாப் பிள்ளைகளாலும் இயலாது.

விலை அதிகம் என்பதே வலுவான மறுப்பு. உண்மைதான். வெளிநாட்டுப் படப்புத்தகம் ஒன்றின் விலை நம் ஆசிரியரின் கையைச் சுடும். ஆயினும் வழிகள் இருக்கின்றன. சென்னையில் தாரா, தூலிகா போன்ற பதிப்பகங்கள் முப்பது ஆண்டுகளாக நல்ல படப்புத்தகங்களை வெளியிடுகின்றன. தமிழிலும் கிடைப்பவை உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்ரோறிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். அதற்கான உரிமையையும் அவர்களே தந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளே செய்யலாம். அச்சுக்கூடத்தில் உழன்றவன் சொல்கிறேன்: ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் பதினாறு பக்கம். அதில் பெரியம்மா பினாட்டு போடுவதையோ, கடற்கரையில் கரைவலை இழுப்பதையோ ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் வரைந்து எழுதட்டும். அதை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டட்டும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆறு வயதுப் பிள்ளையின் முன் நூலாசிரியனாக நிற்கும். அப்போது எளிய வாசகம் எழுதுவதில் அவமானமில்லை. அது அவனுடைய பணி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் உள்ள பழைய மாணவர் சங்கத்தாருக்கு இது. தாங்கள் படித்த பாடசாலைக்கு நீங்கள் வளைவு கட்டினீர்கள், மண்டபம் கட்டினீர்கள், திரையும் கணினியும் கொடுத்தீர்கள். நன்றியோடு ஏற்றோம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சொக்கிலேற்றுக்கு ஒதுக்கும் நிறையில் பாதியை ஒதுக்கி ஐந்து நல்ல படப்புத்தகங்கள் கொண்டுவாருங்கள். நேசறிப் புத்தகமல்ல, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் அறிவையும் மானத்தையும் மதிக்கும் புத்தகங்கள். அவற்றை அலுமாரியில் பூட்டிவைக்க வேண்டாம் என்று அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிழியட்டும், கிழிந்த புத்தகம் வாசித்த புத்தகம்.

அந்தப் பையன் மறுநாள் ஐந்து வரி எழுதிக் கொடுத்தானாம். ஆசிரியை எனக்குக் காட்டினார். ஒன்பது எழுத்துப்பிழைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தது என் தொழிற்பழக்கம். அவர் சிவப்பு மையால் ஒன்றையும் சுழிக்கவில்லை. கீழே, "பெட்டிக்குள் என்ன இருந்தது?" என்று மாத்திரம் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் அவன் விடை எழுதத் தொடங்கியிருந்தான். அதை நான் வாசிக்கவில்லை. அது அவனுக்கும் அவன் ஆசிரியைக்கும் உரியது.